பேட்டரிக்கு வைத்த பொட்டு

கைராசி என்ற பேச்சை யாராவது என் காதுபட எடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல் டாக்டர் கைராசிக்காரர் என்று யாராவது சொன்னால்கூட, அப்படியானால் அந்த மனுஷன் அத்தனை வருஷம் படித்தது எதற்கு என்று சண்டைக்குப் போய்விடுவேன். என் வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிவிட்டது. காரணம் மட்டும் தெரியாது. பதினோரு வயதில், பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க எனக்கு ஒரு அநியாயம் நடந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தீவன மில் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் இருந்தது. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து கோழிப்பண்ணைகளுக்குப் போடுகிற மில். பின்னால் எங்களுக்கே இரண்டு கோழிக் கொட்டகை, அதை ஒட்டி வீடு. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்றால், பெரியப்பா சொல்வார், அப்பா முணுமுணுத்துக்கொண்டே செய்வார்.

அந்த மில்லில் நான் ஒரு முக்கியஸ்தி. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அரவை மிஷின் வந்து இறங்கியது. முதல் சுவிட்சை என் கையால் போடச் சொன்னார்கள், போட்டேன். அதற்குப் பிறகு அந்த மிஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை என்று பேராகிவிட்டது. நடுவில் பெல்ட் அறுந்ததையெல்லாம் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து கொட்டகைக்குக் குஞ்சு வந்தால் முதல் பெட்டியை நான்தான் பிரிக்க வேண்டும். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், யாராவது தோட்டத்தில் போர் போட்டால், நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் குறித்த இடத்தில் முதல் கடப்பாரை போட என்னை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போவார்கள். தண்ணீர் வந்தால் எனக்குப் புதுப் பாவாடை. வராவிட்டால் பாயிண்ட் பார்த்தவனுக்குத் திட்டு. எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எவ்வளவு குறைந்தாலும், இந்தக் கை இருக்கிறது என்று ஒரு தெம்பு.

எண்பதுகளின் கடைசியில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் காரணம் என் அத்தை, அப்பாவுடைய தங்கை. கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, சேலத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் படித்தவள். மக்காச்சோளம் விலை ஏறினால் எதை எவ்வளவு குறைத்து எதைக் கூட்டினால் கோழி அதே முட்டை போடும் என்பதை அதுவரை அவள் நோட்டில் அரைநாள் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். டீ குடித்து முடிப்பதற்குள் மிஷின் அதைப் போட்டுவிடும் என்று பெரியப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா வாங்கிவிட்டார். அப்பா அதற்கு டப்பா என்று பேர் வைத்தார்.

அப்போதே அத்தையை ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பார்ட்டி பெண் கேட்டு வந்திருந்தார்கள். பெண்ணை வேலைக்கெல்லாம் அனுப்புகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. கம்ப்யூட்டர் வேலை ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அத்தை சொன்னாள். சரி என்று பெரியப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டியதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் இருக்கிற வரைக்கும் அத்தைக்கு அதன் முன்னால் ஒரு நாற்காலி இருந்தது.

பெரியப்பாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, மில் வைப்பதற்கு முன்னால் அவர் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். உலகத்தில் இருக்கிற எந்த மிஷினும் அவருக்கு லாரிதான். டிவியில் படம் ஆடினால் டீசல் டியூபில் அடைப்பு என்பார். ஃபேன் கத்தினால் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வருவார். இரண்டு, அவரைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. ஒரு தடவை ஆசைப்பட்டு ஒரு மொபெட் வாங்கினார். மில் வாசலிலேயே அதோடு சரிந்து விழுந்ததை மூட்டை தூக்குகிற ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே மொபெட் வந்த வழியே போய்விட்டது. அதற்கப்புறம் எங்கள் வாசலுக்குள் யாருடைய மொபெட்டும் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் கால் கழுவி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்று பார்க்க மட்டும் எனக்கு அனுமதி. விஜயதசமி அன்றைக்கு நாற்காலியில் உட்காரவைத்து, சுவிட்சைப் போடவிட்டு, பேரையும் அடிக்கவிடுகிறேன் என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு மாசமாக நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. மில் முழுக்கக் கழுவிவிட்டார்கள். லாரிகளைக் கழுவி மாலை போட்டாயிற்று. எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. லாரி பேட்டரியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, பொட்டு வைத்து, ஸ்பேனர் ஜாக்கியோடு சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அதைச் செய்வது பெரியப்பாதான், வேறு யாரையும் தொடவிட மாட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது. அம்மாவின் அரிவாள்மணை அங்கே இருந்தது. என் கணக்குப் புத்தகத்தை நானே சந்தோஷமாகக் கொண்டுபோய் அடியில் வைத்தேன்.

அத்தை வீட்டுக்குள் கொண்டைக்கடலை தாளித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இதுக்குப் பேட்டரி எங்க சாமி?" என்று என்னைக் கேட்டார். என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

இது கரண்டில் ஓடுகிறது, பேட்டரி எல்லாம் கிடையாது என்று நான் பெரிய மனுஷியாகச் சொன்னேன். பேட்டரி இல்லாத வண்டி ஏது என்று சொல்லிக்கொண்டே அவர் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். நான் பாவாடையை ஏந்திக்கொண்டு நின்றேன், திருகாணிகளை ஒவ்வொன்றாக அதில் போட்டார். மூடி வந்தது. உள்ளே பார்த்தால், நாலு பென் செல் போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு, அதிலிருந்து ஒரு ஒயர்! பெரியப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. படிக்காத மனுஷன் எப்படிக் கண்டுபிடித்துவிட்டார்!

ஒயரைப் பிடுங்கி, தூசியை ஊதி, துணியால் துடைத்து, அந்தக் கூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். லாரியின் பெரிய பேட்டரிக்குப் பக்கத்தில், தாய்க்கோழியை ஒட்டிக் குஞ்சு நிற்கிற மாதிரி, அதைக் கொண்டுபோய் வைத்தார். அத்தனை சாமானுக்கு நடுவில் அது இன்னதென்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அது அங்கேயே இருந்தது.

விடிந்ததும் பெரியப்பா லாரிக்குப் பேட்டரி மாட்டினார். வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. கம்ப்யூட்டருக்கும் எடுத்த இடத்திலேயே ஒயரைச் சரியாக மாட்டினார். மூடியைப் போட்டு, ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் முடுக்கினார். பிறகு நல்ல நேரம் பார்த்து எல்லோரும் ரூமில் கூடினார்கள். புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. அத்தை என்னை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தாள். நான் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

கீச்சென்று ஒரு சத்தம். எப்போதும் வருகிற திரை வரவில்லை. ஏதோ தப்பு என்று இரண்டு வரி வந்தது. கீழே தேதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று! நான் மூன்று வயதுக் குழந்தையாக இருந்த தேதி. மில் இருந்த இடத்தில் சோளம் நின்றது. பெரியப்பா லாரியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். அத்தை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது என் பக்கத்தில் நின்ற அத்தை குனிந்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். தனக்குள்ளே டிஸ்க் என்று ஒன்றே கிடையாது என்று மிஷின் சொல்லிவிட்டது. தீவனக் கணக்கு அத்தனையும் அந்த டிஸ்க்கில் இருந்தது.

"அந்தப் புள்ள கை பட்டதும் போயிருச்சே," என்றார் அப்பா. என்னைப் பெற்ற அப்பா!

அவ்வளவுதான். பெரியப்பா என் தலையைத் தடவி, இன்னிக்குக் கை சரியில்ல போல, வுடு சாமி என்றார். ஆறுதல் சொல்கிறாராம். மத்தியானத்துக்குள் மில்லில் மூட்டை தைக்கிற ஆள்வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது, பாப்பாவுக்குக் கைராசி போயிருச்சு என்று. ஆறு வருஷமாக நான் சம்பாதித்த பேர், கீச்சென்ற ஒரு சத்தத்தில் போனது. என்ன நியாயம் இது? சுவிட்சைப் போட்டதைத் தவிர நான் என்ன செய்தேன்?

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பெரியப்பா உள்ளே இருந்து பேட்டரியைக் கழற்றினார், அதனால்தான் என்று. அம்மா நம்பாமல் இல்லை. கழட்டுனா கழட்டட்டும், லாரிக்கு வருசா வருசம் கழட்டறதில்லையா, அது ஓடலையா, பெரியவங்க மேல பழி போடறதுக்கு இந்த வயசுல வாயப் பாரு என்று முதுகில் ஒன்று வைத்தாள். லாரி ஓடியதே! நானே பார்த்தேனே!

அழுதுகொண்டே அத்தையிடம் போனேன். அவள் மிஷினோடு வந்த தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஒரு பக்கத்தைத் திரும்பப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னயா கண்ணு?"

அம்மாவிடம் மட்டும் என்றேன்.

"இன்னிமே யாருகிட்டயும் சொல்லாத. திங்கக்கெழம சேலத்துல இருந்து ஆள் வாராரு."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை ஆள் வந்ததும் எல்லோரையும் நிற்கவைத்து அத்தை உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்து தொலைத்தது. அன்றைக்குக் குஞ்சு இறங்குகிற நாள். வேன் வந்து நிற்கிறது, பெட்டிகளை இறக்குகிறார்கள், நான் வழக்கம்போல் முன்னால் போய் நிற்கிறேன். அப்பா என்னைத் தாண்டிப் பார்த்து, தம்பியைக் கூட்டிட்டு வா என்கிறார். என் தம்பிக்கு நாலு வயது. டவுசரைச் சரியாகப் போடத் தெரியாது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் பெட்டியைப் பிரிக்கவைத்தார்கள். குஞ்சு ஒன்று விரலைக் கொத்தியது. வீல் என்று அலறி, பெட்டியைக் கவிழ்த்து, அங்கேயே ஒன்றுக்கும் போய்விட்டான். குஞ்சுகள் நாலு பக்கமும் ஓடின. எல்லோரும் சிரித்துக்கொண்டே பிடித்தார்கள். அவன் கைக்கு ராசி இல்லை என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய், சொல்லவில்லையே! ஆம்பளைச் சிங்கம், பயந்துட்டான் என்று கொஞ்சினார்கள். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. யாரும் கவனிக்காததால் சாயங்காலம் நானாகவே போய்த் தின்றேன்.

திங்கட்கிழமை காலை சேலம் சூரமங்கலத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். மெலிந்த ஆள், தோளில் பை. அப்பா, பெரியப்பா, மில் மேஸ்திரி, வேடிக்கை பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ரூம் வாசலில் நின்றார்கள். அத்தை எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருந்தாள். அவர் சுவிட்சைப் போட்டார், ஒரு பொத்தானை அழுத்தினார், நீலமாக ஒரு திரை வந்தது. தேதியை மாற்றினார். டிஸ்க் எந்த ரகம் என்று கேட்டிருந்த இடத்தில் பதினேழு என்று ஒரு எண்ணைப் போட்டார். திரும்ப ஆரம்பித்தார். எல்லாம் வந்துவிட்டது, கணக்கு, தீவனம், கோழி எல்லாமே. அவர் வாங்கிக் குடித்த டீயின் சூடுகூட ஆறவில்லை.

பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தார். செல் கூட்டில் குங்குமம் அப்பியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதைக் கழட்டுனீங்களா? இந்த மிஷினுக்கு நாம சொல்லி வெச்சதெல்லாம் இந்த செல்லுலதாங்க நிக்குது. இதைப் புடுங்கிட்டா எல்லாம் மறந்து, கம்பெனில இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிரும். யாருங்க அந்தப் புத்திசாலி? லாரின்னு நெனச்சுட்டாரா?"

ஆட்களுக்குள் ஒருத்தன் களுக்கென்றான். வெளியே வரப்போகிறது, என் பேர் திரும்பி வரப்போகிறது! பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாந்தானுங்க கழட்டுனேன்," என்றாள் அத்தை. "தூசி தொடைக்கலாம்னு."

நான் வாயைத் திறந்தேன். தோளில் அவள் நகம் பதிந்த அழுத்தத்தில் கத்தல் உள்ளேயே போய்விட்டது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு, படிச்சவ பண்ற வேலையா இது, கோர்ஸ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா என்றார். கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். மேஸ்திரி சிரித்தார். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக, எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில், பெரியப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

எல்லோரும் போனதும் அத்தையை உலுக்கி எடுத்தேன். ஏன் பொய் சொன்னீங்க, நீங்களும் அவங்க கட்சியா, பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தாதா என்று. அவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பேரை அடி என்றாள். அடித்தேன், அழுதுகொண்டே. ஒரு எழுத்து இரண்டு தடவை விழுந்தது. அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா பதினேழு, ஞாபகம் வெச்சுக்க என்றாள்.

மிஷினைச் சரிசெய்ய ஒரு பதினேழு போதுமாக இருந்தது. என் பேரைச் சரிசெய்ய யாரிடமும் ஒரு எண்ணும் இல்லை. செல்லைக் கழற்றியதால்தான் நின்றது, பிள்ளை மேல் தப்பில்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த தடவை குஞ்சு வந்தபோது தம்பியைத்தான் கூப்பிட்டார்கள். ஒறம்பரைத் தோட்டத்துக்கு ஜீப்பில் அவன்தான் போனான். ஒருக்கா அப்படி ஆயிருச்சில்ல, எதுக்கு வம்பு என்றார்கள். இதற்கு மேல் ஒரு அநியாயம் உண்டா?

பெரியப்பாவைப் பார்த்து ஆட்கள் சிரித்திருந்தால் கம்ப்யூட்டரும் மொபெட் போன வழியில் அன்று சாயங்காலமே போயிருக்கும். கம்ப்யூட்டர் போனால் நாற்காலி போகும், நாற்காலி போனால் ஓமலூர். அத்தை அதைக் கண்ணிமைக்கிற நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டாள். கணக்கில் பி.எஸ்சி. அல்லவா! அந்த நாற்காலியில் இன்னும் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்து, தனக்குப் பிடித்த இடமாகப் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. சரி, புரிகிறது. புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று எவன் சொன்னது? அவள் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டாள், அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார், இதில் என் கை மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நான் கம்ப்யூட்டர் ரூமில் தனியாக உட்கார்ந்து திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். அவர் கையில் திருப்புளி இல்லை. உள்ளே வராமல் அங்கேயே நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"சாமி, இதுக்கு எங்க பொட்டு வெக்கலாம், நீ சொல்லு. வெச்சுட்டு, நாளைக்கு நீயே சுவிட்சப் போடறயா?"

ஒரு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்தது அந்த நேரத்துக்குத்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்:

"அத்தைகிட்டயே கேளுங்க பெரியப்பா. போன வருசம் பேட்டரியைக் கழட்டுனது அவங்கதானே?"

அவர் அங்கேயே நின்றார். விரலில் எடுத்திருந்த சந்தனம் காய்ந்துபோயிற்று. பிறகு அதைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஆமாஞ் சாமி என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த மிஷினுக்கும், எந்த வண்டிக்கும், பொட்டு எங்கே வைப்பது என்று அவர் அதற்கு முன்னால் ஒருத்தரிடமும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதற்குப் பிறகும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பொரி தின்னப் போனேன்.